வைஃபை பாஸ்வேர்டை மாற்றியும் தெரியாத ஃபோன்கள் மறுபடி வருகின்றன, ஓட்டை எங்கே?

மகாமகக்குளத்தெரு:

வணக்கம். கும்பகோணத்தில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாலையில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இணைப்பு உள்ளூர் கேபிள்காரரிடம் வாங்கிய ஃபைபர். அவர்கள் கொடுத்த வெள்ளை மோடம் ஹாலில் டிவிக்கு மேலே இருக்கிறது.

இணைப்பு கொடுக்க வந்த பையன் என் கணவரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுக் கொடுத்தான். மாடியில் இருப்பவர்கள் ஒருநாள் அவசரத்துக்குக் கேட்டார்கள், சொன்னோம். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோர் திண்ணையில் காத்திருக்கும்போது கேட்பார்கள், அவர்களுக்கும் சொன்னோம். இப்போது மாதம் 20 தேதிக்குள் டேட்டா தீர்ந்து வேகம் படுத்துவிடுகிறது. ஆன்லைனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

மோடத்தின் ஆப்பில் பார்த்தால் 19 கருவிகள். வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஒரு டிவி, வாசல் கேமரா, பிரிண்டர், தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு ஒரு வைஃபை சுவிட்ச், அவ்வளவுதான். பட்டியலில் பெயரே இல்லாத சில, 'இஎஸ்பி' என்று தொடங்கி எண்ணும் எழுத்துமாக ஒன்று, எங்களிடம் இல்லாத இரண்டு ரெட்மி.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்வேர்டை மாற்றினேன். வீட்டாரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் அந்த ரெட்மி இரண்டும் திரும்ப வந்துவிட்டன, இஎஸ்பியும் வந்துவிட்டது. எப்படி? யாராவது ஹேக் செய்கிறார்களா? பக்கத்து வீட்டுக்காரர் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கினால் தீருமா?


சங்கர்_ஓசூர்:

ரொம்ப சிம்பிள் மேடம். வைஃபை பெயரை மறைத்துவிடுங்கள், செட்டிங்கில் 'ஹைட்' என்று இருக்கும். அப்புறம் மேக் ஃபில்டர் போட்டு உங்கள் வீட்டுக் கருவிகளின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் அனுமதியுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும் ஒருவரும் நுழைய முடியாது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.


ஸ்ப்ளைசிங்_குமார்:

டீச்சர், மாடியில் இருப்பவர்களைச் சந்தேகப்படுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தஞ்சாவூர் பக்கம் ஃபைபர் இணைப்பு வேலை பார்க்கிறவன் நான். யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறிக் கூப்பிடும் வீட்டுக்குப் போனால், பல நேரம் அந்த 'யாரோ' அந்த வீட்டின் மிக்சி பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

இஎஸ்பியில் தொடங்குவோம். அது ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரசிஃப் என்ற நிறுவனத்தின் சிப். விலை குறைந்த வைஃபை பல்பு, பிளக், சுவிட்ச் எதைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் இந்த வகைச் சிப்தான் இருக்கும். பெயர் வைக்காமல் விற்பவர்கள் நிறைய, அதனால் பட்டியலில் அப்படியே வந்து நிற்கும். உங்கள் தொட்டி மோட்டார் சுவிட்ச்தான் அது என்று என் ஊகம். பாஸ்வேர்டு மாற்றியதும் மோட்டார் ஃபோனுக்குக் கட்டுப்படாமல் போயிருக்கும். சார் புதுப் பாஸ்வேர்டு கொடுத்து மறுபடி இணைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

பெயரில்லாதவை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14, இவற்றிலிருந்து ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் முகவரியை உண்டாக்கிக்கொள்கின்றன. உங்கள் மோடத்தில் சாதா பெயர் ஒன்றும், 5ஜி என்று முடிகிற பெயர் ஒன்றும் இருந்தால் ஒரே ஃபோன் பட்டியலில் இரண்டு ஆளாக நிற்கும். பல மோடங்கள் போன ஆளையும் உடனே அழிப்பதில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஆங்கில ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் ஃபோன் தானாகப் போட்டுக்கொண்ட முகவரி. மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, வீட்டு ஃபோன்களை ஒவ்வொன்றாக ஏரோபிளேன் மோடில் வையுங்கள். எது எது பட்டியலிலிருந்து விழுகிறது என்று பார்த்துக் குறித்தால் 19 பாதியாகக் குறைந்துவிடும்.

ரெட்மி இரண்டுக்கு வருவோம். பாஸ்வேர்டு மாறிய மறுநாளே திரும்பி வந்தது ஹேக்கிங்காக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த நாலில் ஒன்றாக இருக்கும்.

நீங்கள் ஒரு பெயருக்கு மட்டும் மாற்றியிருக்கலாம். இரட்டை அலைவரிசை மோடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் ('5ஜி' என்று முடிகிற பெயர்) தனித்தனிப் பக்கம், தனித்தனிப் பாஸ்வேர்டு. ஆப்பில் முதல் பக்கத்தில் மாற்றிச் சேமித்தால் 'வெற்றி' என்று பச்சை டிக் வரும், மற்றது பழைய எண்ணோடு அப்படியே இருக்கும். என் பந்தயம் இதன்மேல்தான்.

வீட்டில் யாருடைய ஃபோனிலிருந்தாவது க்யூஆர் கோடு போயிருக்கலாம். வைஃபை பெயரைத் தொட்டு 'ஷேர்' என்றால் ஒரு கட்டம் வருமே, அதற்குள் பாஸ்வேர்டு பச்சையாக எழுதியிருக்கிறது, எந்த ரகசியக் குறியீடும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாஸ்வேர்டையே அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

மூன்றாவது டபிள்யூபிஎஸ், பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியை இணைக்கிற வசதி. மோடத்தின் பின்னால் ஒரு பட்டன், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எட்டு இலக்க எண். பட்டனை அமுக்கியவர் பாஸ்வேர்டு இல்லாமலேயே உள்ளே. அந்த எட்டு இலக்கத்தின் கதை இன்னும் மோசம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டும். மீதி ஏழையும் மோடம் ஒன்றாகப் பார்ப்பதில்லை, முதல் நாலு சரியா தவறா என்று தனியாகச் சொல்லிவிடும், அப்புறம்தான் மீதி மூன்று. ஆக ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சி போதும். ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரிலேயே இதை வெளியிட்டார். பிறகு பல நிறுவனங்கள் சில தவறுக்குப் பின் பூட்டிக்கொள்ளும்படி மாற்றின. ஆனால் பழைய பெட்டிகள் இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. டபிள்யூபிஎஸ் இல்லாமல் வீட்டில் எந்த வேலையும் நிற்காது. அணைத்துவிடுங்கள்.

நாலாவது, மோடத்தின் உள் பக்கம். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வருவது. யூசர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று இருந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் எவரும் அதைத் திறந்து, வைஃபை பாஸ்வேர்டு கட்டத்தின் கண் குறியைத் தொட்டு, புதிதாக நீங்கள் போட்டதைப் படித்துக்கொள்ளலாம். பீரோவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிற கதை. வைஃபை பாஸ்வேர்டைவிட முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். இதை ஒருவரும் மாற்றுவதில்லை.

மொபைல் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கத்துக்கு எங்கள் தொழில்தான் காரணம். இணைப்பு கொடுக்கப் போகிறவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும். வாடிக்கையாளர் மறக்காத எண் ஒன்று வேண்டும், மறந்தால் ராத்திரி கூப்பிடுவார். ஆனால் கணக்கு டீச்சரான உங்களுக்கே தெரியும், 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கம் என்றால் மொத்தமே 400 கோடி. ஃபோனும் மோடமும் இணையும்போது நாலு செய்தி பரிமாறிக்கொள்ளும். தெருவில் நின்று அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், அப்புறம் உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் தன் கணினியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் போட்டுப் பார்க்கும். ஐந்து லட்சம் என்றே வைத்தாலும் 400 கோடிக்கு 8,000 நொடி, இரண்டேகால் மணிக்குள் முடிந்துவிடும். அதுவும் எதற்கு? உங்கள் வாசல் கேட்டில் டியூஷன் போர்டு இருக்குமே, அதில் என்ன எண் எழுதியிருக்கிறது?

புதுப் பாஸ்வேர்டுக்கு 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, இடைவெளியும் விடலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அம்மிக்கல், தூறல், வில்லங்கம், ஒட்டகம், படித்துறை என்கிற மாதிரி. (இதையே போடாதீர்கள், இங்கே எழுதியாகிவிட்டது.) சொற்களை மனத்திலிருந்து எடுக்காமல் அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து எடுப்பது நல்லது. திருக்குறள் அடி, சினிமாப் பாட்டு, குலதெய்வம் பெயர் வேண்டாம். ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்று வீட்டுக்குள் தகராறு வரும், அதனால் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அந்தத் தாளைப் படிக்க ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டும், பரவாயில்லை.

பாதுகாப்பு வகை என்று ஒரு பட்டியல் வரும். டபிள்யூஇபி 2001-லேயே உடைந்துபோனது, வெறும் டபிள்யூபிஏவும் காலாவதி. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்றால் சரி. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது, மேலே சொன்ன பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கிற வேலை அதில் நடக்காது.

சங்கர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, மறைப்பதும் மேக் ஃபில்டரும் இந்த வேலைக்கு உதவாது. பெயரை மறைத்தாலும் உங்கள் கருவி இணையும்போது அந்தப் பெயர் காற்றில் போகத்தான் செய்யும். போதாததற்கு, மறைத்த பெயரைத் தேடி உங்கள் ஃபோன் போகிற இடமெல்லாம் அதைக் கூவிக்கொண்டே போகும். மேக் முகவரியும் பூட்டில்லாமல்தான் பறக்கிறது, பார்த்து அதையே தன் கருவிக்குப் போட்டுக்கொள்ள ஒரு கட்டளை போதும். ஃபோன்கள் முகவரியை மாற்றிக்கொள்ளும் காலத்தில் அந்தப் பட்டியலைப் பராமரிப்பது உங்களுக்குத்தான் தலைவலி. உறவினர் ஒருவர் ஊரிலிருந்து வந்தால் போதும்.

பாஸ்வேர்டை இரண்டு பெயருக்கும் மாற்றிவிட்டு வந்து சொல்லுங்கள். விருந்தினர் வைஃபை பற்றி அப்புறம் பேசலாம்.


நெல்லை_வக்கீல்:

குமார் சொன்னதோடு ஒன்று. டீச்சர் டேட்டா தீர்கிறதே என்று கவலைப்படுகிறார்கள். எனக்கு டேட்டா பெரிதாகத் தெரியவில்லை, இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பெரிது.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியை (எந்த இணைப்பிலிருந்து போனது என்று காட்டும் எண்) பிடித்துக்கொண்டு போன போலீஸ் நவி மும்பையில் ஒரு வீட்டின் கதவைத்தான் தட்டியது. அந்த வீட்டு வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது, வெளியிலிருந்து வேறு ஆள் பயன்படுத்திக்கொண்டார் என்பது பிறகு தெரிய வந்தது. அதற்குள் அந்த வீட்டுக்காரர் விசாரணை, செய்தித்தாள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போதும் இப்படித்தான், மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டதற்குப் பின்னணி இவைதான்.

பயமுறுத்த எழுதவில்லை. திண்ணையில் உட்காருகிறவர் சீரியல்தான் பார்ப்பார். ஆனால் மாடிப் பையன் யாரையோ சமூக வலைத்தளத்தில் மிரட்டினாலும், ஆன்லைன் சூதாட்டத்தில் யார் கார்டையோ பயன்படுத்தினாலும் ஐபி முகவரியில் வருவது இணைப்புக்கு ஆதார் கொடுத்தவர் பெயர். 'அது நானில்லை' என்று நிரூபிக்கும் வேலை தலையில் விழும்போது, யார் யாருக்குத் தனி இணைப்பு கொடுத்தோம் என்பது பதிவில் இருந்தால் பேச ஒரு ஆதாரம் இருக்கும்.


மகாமகக்குளத்தெரு:

குமார் தம்பி, பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். 5ஜி பெயருக்கு ஆப்பில் இரண்டு பக்கம் தள்ளித் தனியாக ஒரு இடம் இருக்கிறது. அங்கே அவருடைய மொபைல் எண் அப்படியே உட்கார்ந்திருந்தது. மாற்றிய அரைமணியில் மாடிப் போர்ஷன் பையன் இறங்கி வந்து, "ஆன்ட்டி, நெட் போயிடுச்சா?" என்று கேட்டான். ரெட்மி யாருடையது என்று நான் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

இஎஸ்பி மோட்டார் சுவிட்ச்தான். இவர் சொல்லாமலே இணைத்து வைத்திருக்கிறார். டியூஷன் போர்டு விஷயத்தைப் படித்துவிட்டு இவர் அரைமணி நேரம் பேசவில்லை. ஏரோபிளேன் மோடு சோதனையில் 19 என்பது 11 ஆகக் குறைந்தது.

இப்போது புதிதாக மூன்று சிக்கல். டபிள்யூபிஏ3 என்று போட்டதும் பிரிண்டர் இணைய மறுக்கிறது. மாதிரி வினாத்தாள் அச்செடுக்காமல் எனக்கு ஒருநாளும் ஓடாது. இரண்டாவது, 192.168.1.1 போனால் ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டுக்குச் சாதாரணப் பக்கம்தான் திறக்கிறது. டபிள்யூபிஎஸ், அட்மின் பாஸ்வேர்டு எதுவும் அதில் காணோம். கேபிள்காரரிடம் கேட்டால், அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்க மாட்டோம் என்கிறார். மூன்றாவது, மாடி முதல் போர்ஷனில் நர்சிங் படிக்கிற பெண் இருக்கிறாள், அவளுக்கு வகுப்பு வீடியோவுக்கு நெட் வேண்டும். அவளுக்குக் கொடுக்கத்தான் விருப்பம். பெற்றோரிடம் முகத்தை முறிக்கவும் முடியாது.


ஸ்ப்ளைசிங்_குமார்:

பிரிண்டருக்கு, 'டபிள்யூபிஏ2 / டபிள்யூபிஏ3' என்று கலந்த வகை ஒன்று பட்டியலில் இருக்கும், அதைப் போடுங்கள். புது ஃபோன்கள் 3-இல் இணையும், பிரிண்டர் 2-இல் இணையும். ஒரே பாஸ்வேர்டு இரண்டுக்கும் பொது என்பதால், பிரிண்டர் இணைவதைப் பிடித்துக்கொண்டு போய் ஊகிக்கும் வழி திறந்தே இருக்கிறது. அதனால்தான் சொற்கள் அகராதியிலிருந்து வர வேண்டும் என்றேன். ஐந்து சொல் போட்டிருந்தால் பயமில்லை. கலந்த வகைக்கும் மசியாத பிரிண்டர் உண்டு, அதற்கு 2.4 பெயரை மட்டும் டபிள்யூபிஏ2-இல் விடுங்கள். மோட்டார் சுவிட்சும் 2.4-இல்தான் வேலை செய்யும்.

கேபிள்காரர் விஷயம். மோடத்தில் இரண்டு அடுக்குக் கணக்கு இருக்கும். உங்களுக்குக் கீழ் அடுக்கு, அவர்களுக்கு மேல் அடுக்கு. ஃபைபர் அமைப்பை யாராவது கலைத்துவிட்டால் அவர்கள்தான் ஓடி வர வேண்டும் என்பதால் தர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. சண்டை போடாதீர்கள். "டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துக் கொடுங்கள், வெளியிலிருந்து திறக்கும் வசதி உங்கள் ஆபீசுக்கு மட்டும் இருக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்து தர முடியும். செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி ரவுட்டர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் கிடைப்பதே உங்களுக்குப் போதும். கடையில் கேட்க வேண்டியது ஆன்டெனா எத்தனை என்று அல்ல. டபிள்யூபிஏ3 இருக்கிறதா, விருந்தினர் வைஃபை இருக்கிறதா, மென்பொருள் அப்டேட் தானாக வருமா, இவ்வளவுதான்.

வாங்கினால் மோடத்தின் லேன் துளையிலிருந்து ஒரு வயரை எடுத்துப் புது ரவுட்டரின் வேன் துளையில் செருகுங்கள். அப்புறம் மோடத்தின் பழைய வைஃபையை இரண்டு அலைவரிசையிலும் அணைக்க வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிட்டுப் புது ரவுட்டருக்குப் பூட்டு மேல் பூட்டாகப் போட்ட வீடுகள் நான் பார்த்திருக்கிறேன். பழைய பெயர் பழைய எண்ணோடு பக்கத்திலேயே நிற்கும்.

இனி விருந்தினர் வைஃபை. ஒரே பெட்டியிலிருந்து இரண்டாவதாக ஒரு பெயர். அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் பிரிண்டரோ லேப்டாப்போ கண்ணில் படாது. நர்சிங் பெண்ணுக்கும் பெற்றோருக்கும் இதைக் கொடுங்கள். பல ரவுட்டரில் இதற்கு வேக வரம்பு போடலாம், 5 எம்பிபிஎஸ் வைத்தால் வகுப்பு வீடியோ தடையில்லாமல் ஓடும், ராத்திரி முழுக்க படம் இறக்குகிறவருக்கு அலுத்துவிடும். இரவு 11 முதல் காலை 5 வரை தானாக அணையும்படியும் வைக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை நேரத்தில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை வாயால் சொல்ல வேண்டாம். விருந்தினர் பெயரின் க்யூஆர் கோட்டை அச்செடுத்துத் திண்ணைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதற்குள் இருப்பது விருந்தினர் பாஸ்வேர்டு மட்டும்தானே. காலாண்டு, அரையாண்டு லீவு விடும்போது மாற்றிப் புதுத் தாள் ஒட்டினால் பழைய மாணவர்களின் அண்ணன், மாமா எல்லாம் தானாகக் கழன்றுவிடுவார்கள். முகமுறிவும் இல்லை.

வக்கீல் சார் சொன்ன சிக்கல் இதனால் முழுக்கத் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர் பெயரில் போனாலும் வெளியே தெரியும் ஐபி முகவரி உங்கள் வீட்டுடையதுதான். மாடியில் நம்பிக்கை இல்லாத ஆளுக்கு விருந்தினர் வைஃபையும் கொடுக்காதீர்கள். தனி இணைப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசல் கேமராவையும் மோட்டார் சுவிட்சையும் விருந்தினர் பக்கம் தள்ளுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஆனால் திண்ணைக்காரர்களோடு ஒரே பெயரில் அல்ல. ரவுட்டரில் இரண்டு விருந்தினர் பெயர் வைக்க முடிந்தால் ஒன்றைக் கருவிகளுக்கு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் கேமராவை வீட்டுப் பக்கமே வைத்து அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது விளையாட்டல்ல. 2016-இல் மிராய் என்ற ஒரு புழு உலகம் முழுக்கக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது. தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்த அறுபது சொச்சம் யூசர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான் அதன் வித்தை. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. கேமரா வைத்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் கேமரா அதில் இருந்தது இன்றுவரை தெரியாது.

ரவுட்டரில் யூபிஎன்பி என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். கருவிகள் தாங்களாகவே வெளியுலகுக்குக் கதவு திறந்துகொள்ளும் வசதி அது. யாராவது வீடியோ கேம் ஆடி இணைப்பு சரியில்லை என்று புகார் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.


மலர்_திருச்சி:

இடையில் புகுந்து கேட்கிறேன். எங்கள் மோடத்தில் 'எஸ்எஸ்ஐடி 2' (எஸ்எஸ்ஐடி என்றால் வைஃபை பெயர்) என்று இருப்பதைத்தான் விருந்தினர் வைஃபை என்று கேபிள்காரர் போட்டுக் கொடுத்தார். அதில் இணைந்து 192.168.1.1 அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கிறது. பிரிண்டரும் தெரிகிறது. அப்படித் தெரியலாமா?


ஸ்ப்ளைசிங்_குமார்:

தெரியக் கூடாது. அது விருந்தினர் வைஃபை அல்ல, அதே வீட்டுக்கு இரண்டாவது பெயர்ப்பலகை மட்டும். ஃபைபர் மோடங்களில் நாலு எஸ்எஸ்ஐடி வரை கொடுத்திருப்பார்கள், எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் போய்ச் சேரும். உங்கள் சோதனை சரியான சோதனை, டீச்சரும் புது ரவுட்டர் மாட்டியதும் இதைச் செய்து பார்க்கலாம்.

அந்தப் பக்கத்திலேயே 'ஐசோலேஷன்' என்ற சொல்லோடு ஏதாவது கட்டம் இருக்கிறதா பாருங்கள். சில மோடத்தில் அது ஒரே எஸ்எஸ்ஐடிக்குள் இருப்பவர்களை மட்டும் ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரிக்கும், சிலவற்றில் எஸ்எஸ்ஐடிக்கும் எஸ்எஸ்ஐடிக்கும் நடுவிலும் பிரிக்கும். டிக் போட்டுச் சேமித்துவிட்டு மறுபடி பிரிண்டரைத் தேடுங்கள். தெரியாமல் போனால் பாதி வேலை முடிந்தது. மோடத்தின் பக்கம் மட்டும் இன்னும் திறந்தால் அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அது போதும். இரண்டும் நடக்காவிட்டால் மோடத்தின் வைஃபையை விருந்தினருக்கு விட்டுவிட்டு, அதன் பின்னால் உங்களுக்கென்று தனி ரவுட்டர் போடுங்கள். மோடம் பக்கம் இருப்பவர்களால் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. தலைகீழாக, விருந்தினரை உள்ளே வைத்து நீங்கள் மோடம் பக்கம் உட்கார்ந்தால் அவர்கள் உங்களை எட்டிப் பார்க்கலாம், அதனால் வயரைச் செருகும்போது எந்தப் பெட்டி யாருக்கு என்று ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.